கேட்காமலே வரும் தட்டுகள்: லாஸ் ஏஞ்சலஸ் கொரியாடவுனில் ஒரு பகலும் ஓர் இரவும்

லாஸ் ஏஞ்சலஸ் வரும் நம்மவர்கள் கொரியாடவுனுக்கு ஒரே ஒரு வேளைதான் ஒதுக்குகிறார்கள். ராத்திரி ஏழு மணிக்குப் போய், மேஜையிலேயே கறி சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணிக்குச் சட்டையெல்லாம் புகை வாடையோடு கிளம்பிவிடுகிறார்கள். மூன்று வருடம் முன்னால் நானும் அதைத்தான் செய்தேன், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஊருக்குத் திரும்பியபோது அந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல என்னிடம் இரண்டு வரிகூட இல்லை. இப்போது என் தங்கை அங்கேயே, வில்ஷயர்–நார்மண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறாள். போன மாதம் அவள் வீட்டில் தங்கி, ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கி மறுநாள் அதிகாலை இரண்டு மணி வரை சுற்றினேன். கூடவே அவளோடு வேலை பார்க்கும் கொரியத் தோழி. இதே பகுதியில் பிறந்து வளர்ந்தவர். அவர் வராமல் இருந்திருந்தால் இந்த விமர்சனத்தில் பாதி இல்லை.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே கறியைப் பார்த்துக் கடையை எடை போடாதீர்கள். நீங்கள் கேட்காமலே, காசு வாங்காமலே கொண்டுவந்து வைக்கிற சின்னச் சின்னத் தட்டுகள் இருக்கின்றனவே, பான்ச்சான் என்பார்கள், அதைப் பாருங்கள். நல்ல கறியைப் பணம் கொடுத்தால் யாரும் வாங்கிவிடலாம். முளைகட்டிய பயறையும் கீரையையும் முள்ளங்கியையும் தினமும் காலையில் உட்கார்ந்து பக்குவம் பார்த்துச் செய்கிற கை வேறு. அன்று நாங்கள் போன எல்லா இடத்திலும் இந்த அளவுகோல் தப்பவே இல்லை.

இடம் எங்கே என்று தெரியாதவர்களுக்கு: நகரத்தின் மையத்துக்கு மேற்கே, வெர்மான்ட் அவென்யூவிலிருந்து வெஸ்டர்ன் அவென்யூ வரை, வடக்கே மூன்றாம் தெரு, தெற்கே ஒலிம்பிக் பூல்வார்டு. நகராட்சி 2010-ல் முறையாக வரைந்த எல்லை கிட்டத்தட்ட இதுதான். நடைமுறையில் கடைகள் எல்லைக்கு வெளியேயும் பரவிக் கிடக்கின்றன. அமெரிக்காவிலேயே மக்கள் மிக நெருக்கமாக வாழும் பகுதிகளில் இதுவும் ஒன்று, அதனால் காரில் போகாதீர்கள். மெட்ரோ ரயிலுக்கு வெர்மான்ட், நார்மண்டி, வெஸ்டர்ன் என்று வில்ஷயர் சாலையிலேயே மூன்று நிலையங்கள் இருக்கின்றன. காரில் போனால் ஒவ்வொரு கடை வாசலிலும் வாலே பார்க்கிங் ஆளிடம் சாவியைக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் காசு. போன முறை ஓரிடத்தில் வண்டியைத் திரும்ப வாங்க நாற்பது நிமிடம் தெருவில் நின்றேன், அந்தக் கடையில் சாப்பிட்ட நேரமே அவ்வளவுதான் இருக்கும்.

காலை எட்டரைக்கு ஹான் பாட். வெஸ்டர்னுக்குப் பக்கத்தில் ஐந்தாம் தெருவில் இருக்கும் சின்னக் கடை, ஒரே ஒரு விஷயத்துக்குப் பெயர் போனது: சொல்லாங்டாங். மாட்டெலும்பை மணிக்கணக்காகக் கொதிக்க வைத்து, சாறு பால் மாதிரி வெளுத்து வரும்போது இறக்குகிற சூப். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். சூப்பில் உப்பே போடாமல் வைப்பார்கள். மேஜையில் உப்பும் மிளகும் நறுக்கிய வெங்காயத்தாளும் இருக்கும், உங்கள் நாக்குக்கு நீங்களே போட்டுக்கொள்ள வேண்டியது. முதல் வாய் சப்பென்று இருக்கிறதே என்று தோன்றும். கொஞ்சம் உப்பு, ஒரு கை நிறைய வெங்காயத்தாள், அப்புறம் சோற்றை அதிலேயே கொட்டிக் கலக்கி, தொட்டுக்கொள்ளக் குக்டுகி என்ற முள்ளங்கிக் கிம்ச்சி, நம் ஊறுகாய் மாதிரிப் புளிக்க வைத்தது. நம் ஊர் ஆட்டுக்கால் சூப்பை வெறும் வயிற்றில் குடித்தால் நெஞ்சுக்குள் ஒரு சூடு இறங்குமே, அதே சூடு. அந்தக் குக்டுகி சரியான புளிப்பில் இருந்தது, கடித்தால் நறுக்கென்று சத்தம் வந்தது. பக்கத்து மேஜையில் தனியாக வந்த ஒரு பெரியவர் முள்ளங்கித் தட்டில் இருந்த சிவப்புச் சாற்றைச் சூப்பில் ஊற்றிக்கொண்டார். நானும் ஊற்றிப் பார்த்தேன். இனிமேல் எப்போதும் அப்படித்தான்.

தங்கை சைவம். முட்டை சாப்பிடுவாள், மீன் தொட மாட்டாள். அவளுக்கு ஹான் பாட்டில் ஒன்றும் கிடையாது, அதனால் முன்னதாகவே ஒரு கொரிய பேக்கரியில் சிவப்புப் பயறுப் பூரணம் வைத்த பன்னும் காபியும் வாங்கிக்கொண்டாள். அந்தப் பூரணம் நம் சுழியத்துக்குள் வைப்பதற்குக் கிட்டத்தட்ட உடன்பிறப்பு, இனிப்பு மட்டும் குறைவு.

சைவக்காரர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள் என்பதால் இங்கேயே ஒரு விஷயம். கிம்ச்சி வெறும் முட்டைக்கோஸ்தானே என்று நினைத்துச் சாப்பிடாதீர்கள். பெரும்பாலான கிம்ச்சியில் உப்பிட்ட குட்டி இறாலோ மீன் சாறோ சேர்ந்திருக்கும். குழம்பு வகைகளுக்கு அடிச்சாறே நெத்திலிக் கருவாட்டில்தான் எடுப்பார்கள். 'கோகி பே ஜுசேயோ' என்றால் கறி போடாமல் கொடுங்கள் என்று அர்த்தம், ஆனால் கறி என்ற சொல்லில் மீன் அடங்காது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தங்கை இரண்டு வருடமாக இங்கே நன்றாகச் சாப்பிட்டு வாழ்கிறாள் என்றால், ஒவ்வொரு தட்டையும் கேட்டுக் கேட்டுத்தான். கறி போடாத பிபிம்பாப் (காய்கறி போட்டுக் கலக்கும் சோறு), கண்ணாடி நூடுல்ஸில் செய்கிற ஜாப்சே, நல்லெண்ணெயில் பிரட்டிய கீரை, சுட்ட கடற்பாசித் தாள், இவை பெரும்பாலும் கைவிடாது. கொரியச் சமையலில் எள்ளெண்ணெய் வாசம் முதலில் மூக்கில் ஏறும்போது நமக்கு அது வெளியூர்ச் சாப்பாடாகவே தெரியாது.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தோம். நடக்கும்போதுதான் இந்த இடம் கொரியர்களுடையது மட்டும் இல்லை என்று தெரிகிறது. குடியிருப்பவர்களில் பாதிக்கு மேல் லத்தீன் அமெரிக்கர்கள். கொரிய உணவகத்துச் சமையற்கட்டிலிருந்து ஸ்பானிய மொழிப் பேச்சு கேட்கும், நடுநடுவே கொரியச் சொற்கள் விழும். மூன்றாம் தெருவுக்குப் போனால் லிட்டில் பங்களாதேஷ் என்று நகராட்சிப் பலகையே இருக்கிறது, கடைகளில் ஹில்சா மீனும் கடுகெண்ணெயும் கிடைக்கும். தங்கை துவரம்பருப்பு வாங்குவது அங்கேதான்.

ஒலிம்பிக் பூல்வார்டில் ஒரு கட்டடத்தைக் காட்டுவதற்காகத் தோழி எங்களை இருபது நிமிடம் வெயிலில் நடக்க வைத்தார். 1965-ல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை மாற்றியது, நம்மவர்கள் பலர் இந்த நாட்டுக்கு வந்ததற்கும் அதே சட்டம்தான் வாசல். அதன் பிறகு வந்தவர்களில் ஒருவர் ஹி டுக் லீ. 1971-ல் இந்தச் சாலையில் ஒலிம்பிக் மார்க்கெட் என்று மளிகைக் கடை வைத்தார். அதைச் சுற்றித்தான் மற்றக் கடைகள் வந்தன. 1975-ல் வி.ஐ.பி. பேலஸ் என்று பெரிய உணவகம் கட்டினார், கூரை ஓட்டைக் கொரியாவிலிருந்தே கப்பலில் வரவழைத்தார். இன்று அந்தக் கொரியக் கூரைக்குக் கீழே இருப்பது கெலகெட்சா என்ற மெக்சிகோ உணவகம், ஒஹாக்கா மாநிலத்துச் சமையல், 2015-ல் அமெரிக்க உணவுத் துறையின் ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கியது. உள்ளே போய் ஒரு தட்டு கறுப்பு மோலே சொல்லிப் பகிர்ந்துகொண்டோம். வறுத்த மிளகாயும் மசாலாவும் சாக்லேட்டும் அரைத்த குழம்பு, அம்மியில் அரைத்த மாதிரி நாக்கில் அடுக்கடுக்காக ஏறுகிறது. கொரியாடவுன் விமர்சனத்தில் மெக்சிகோ உணவகத்துக்கு என்ன வேலை என்று கேட்டால், அந்தக் கூரையைப் போய்ப் பாருங்கள், இந்தப் பகுதி எப்படி உருவானது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்கிற இடம் வேறு கிடையாது.

திரும்பும் வழியில் சோல் சர்வதேசப் பூங்கா. பார்க்கச் சாதாரணப் பூங்கா, பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். 1992 ஏப்ரல் 29-ஆம் தேதி ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்களை நீதிமன்றம் விடுவித்ததும் நகரம் பற்றி எரிந்தது, அதில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொரியர் கடைகள் சேதமாயின. கொரியர்கள் அந்த நாளைத் தேதியாலேயே குறிப்பிடுகிறார்கள்: சா-இ-கு, நாலு-ரெண்டு-ஒன்பது. போலீஸ் இந்தப் பக்கம் வரவில்லை. தோழிக்கு அப்போது ஆறு வயது. அப்பா மூன்று நாள் ரேடியோ கொரியாவை விட்டு நகரவே இல்லை என்றார், எந்தத் தெருவில் தீ, யார் கடைக்கு ஆள் வேண்டும் என்று மக்கள் அந்த வானொலிக்குத்தான் போன் செய்துகொண்டிருந்தார்களாம். மே 2-ஆம் தேதி, புகை அடங்குவதற்குள், பல்லாயிரம் பேர் இதே பூங்காவில் கூடி அமைதி ஊர்வலம் போனார்கள். அவர் அப்பா தோளில் உட்கார்ந்து போயிருக்கிறார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மதியம் வெஸ்டர்ன் அவென்யூ கொரியாடவுன் பிளாசா. இங்கே இருக்கும் ஃபுட் கோர்ட்டை யாரும் சிபாரிசு செய்வதில்லை, நான் செய்கிறேன். தலைக்கு மேலே படத்தோடு பட்டியல், தட்டு எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியது, சுற்றிலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு என்ன பாடுவது என்று பேசிக்கொண்டிருக்கும் பாட்டிமார்கள். ஒரு தட்டு காரமான குளிர் நூடுல்ஸ் வாங்கினேன், பரவாயில்லை ரகம். தங்கையின் பிபிம்பாப் அதைவிட நன்றாக இருந்தது. ஆனால் நாங்கள் வந்த காரியம் பக்கத்து மளிகைக் கடையின் பான்ச்சான் பகுதி. கண்ணாடிக்குப் பின்னால் முப்பது நாற்பது வகை, எடை போட்டும் டப்பாவிலும் தருகிறார்கள்: சோயா சாற்றில் ஊறிய எள் இலை (பெயர்தான் எள், செடி பெரில்லா), காய்ந்த முள்ளங்கிப் பிரட்டல், தாமரைத் தண்டு, நெத்திலி வறுவல், இனிப்புக் கருப்பு உளுந்து மாதிரி ஒன்று, அது கருப்பு சோயா. நெத்திலியை எண்ணெயும் பாகும் மிளகாய் விழுதும் போட்டு மொறுமொறுப்பாக வறுத்திருக்கிறார்கள், அதை எழுதும்போதே வாய் ஊறுகிறது. வீட்டுக்கு ஐந்து டப்பா வாங்கித் தங்கை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வந்தோம்.

அதே கடையில் பச்சை நிறத்தில் கையுறை மாதிரி ஒரு சொரசொரப்புத் துணி தொங்கும், இரண்டு மூன்று டாலர்தான். இதாலி டவல் என்பார்கள். கொரியர்கள் உடம்பு தேய்ப்பது இதில்தான். நம் பீர்க்கங்கூடு செய்கிற வேலை, ஆனால் இரக்கம் குறைவு. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் அடுத்து வை ஸ்பா. வில்ஷயர் சாலையில், வெர்மான்ட்டுக்குக் கொஞ்சம் கிழக்கே, இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் ஜிம்ஜில்பாங், அதாவது கொரியப் பொதுக் குளியலகம். கட்டணம் ஒருமுறை கட்டினால் மணிக்கணக்காக இருக்கலாம். நம்மவர்கள் தயங்குகிற விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: குளியல் தளத்தில் உடம்பில் துணி இருக்கக் கூடாது. ஆண்களுக்கு ஒரு தளம், பெண்களுக்கு ஒரு தளம். முதல் ஐந்து நிமிடம் எனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ஆறாவது நிமிடம் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று புரிந்தது. எண்பது வயதுத் தாத்தாவின் முதுகை மகன் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார், மகனின் முதுகைப் பேரன். அதைப் பார்த்த பிறகு கூச்சம் போய்விட்டது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அப்பா என்னைக் கிணற்றடியில் உட்கார வைத்துச் சீயக்காய் தேய்த்தது ஞாபகம் வந்தது. வெந்நீர்த் தொட்டி, குளிர்நீர்த் தொட்டி, மறுபடி வெந்நீர். தனிக் கட்டணம் கொடுத்தால் ஆள் தேய்த்துவிடுவார், அழுக்கு உருண்டை உருண்டையாக உதிரும். கட்டாயம் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் அவர்கள் கொடுக்கும் பனியனும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு பொதுத் தளத்துக்குப் போகலாம், அங்கே ஆண் பெண் எல்லாரும் குடும்பம் குடும்பமாக இருப்பார்கள். களிமண் அறை, உப்பு அறை, பனி அறை, எல்லாவற்றையும்விடச் சூடான புல்காமா. அதில் நான் மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தேன். வெதுவெதுப்பான தரையில் பாய் விரித்துப் படுத்தால் அரை மணி நேரம் போவதே தெரியாது. சுட்ட முட்டையும், சிக்ஹே என்ற குளிர்ந்த அரிசிப் பானமும் வாங்கிக்கொண்டு தங்கையும் தோழியும் வந்து சேர்ந்தார்கள். சிக்ஹேயில் சோற்றுப் பருக்கை மிதக்கும், லேசான இனிப்பு. ஒரே குறை, சனிக்கிழமை மாலை கூட்டம் தாங்காது. முடிந்தால் வார நாளில் போங்கள்.

சரி, ராத்திரிக்கு வருவோம். கறிக்கு வெர்மான்ட் அவென்யூ பார்க்ஸ் பார்பெக்யூ, 2003-லிருந்து இருக்கிறது, ஜெனி கிம் என்பவர் தொடங்கியது. விலை அதிகம். மூன்று பேருக்கு, அதில் ஒருவர் கறியே சாப்பிடாமல், வரியும் டிப்ஸும் சேர்த்து 200 டாலரைத் தாண்டியது. கொடுத்த காசுக்குத் தகுதியா என்றால், ஆமாம். கால்பி என்ற விலாக்கறி வாயில் வைத்ததும் கரைகிறது, சுடுவதையும் திருப்புவதையும் பணிப்பெண்ணே வந்து பார்த்துக்கொள்கிறார், நாம் இடுக்கியைத் தொட வேண்டாம். விலாவை எலும்போடு குறுக்கே மெல்லிசாக அறுத்து, ஓரத்தில் மூன்று எலும்பு வட்டம் தெரிகிற வகைக்குக் கொரியாவிலேகூட எல்.ஏ. கால்பி என்றுதான் பெயர். இங்கே குடியேறியவர்கள் அமெரிக்கக் கசாப்புக் கடைகளில் கிடைத்த வெட்டை வைத்துச் சமைத்ததால் லாஸ் ஏஞ்சலஸ் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள், குறுக்குவெட்டு என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் என்றும் ஒரு பேச்சு உண்டு. தோழிக்கு முதல் கதைதான் உண்மை, வேறு பேச்சுக்கே இடமில்லை.

சாப்பிடும் முறை: உள்ளங்கையில் லெட்டூஸ் இலை, அதன்மேல் எள் இலை, ஒரு துண்டுக் கறி, பூண்டு, கொஞ்சம் சம்ஜாங் விழுது, வெற்றிலை மடிக்கிற மாதிரி மடித்து முழுசாக வாயில். பாதி கடித்தால் எல்லாம் மடியில் கொட்டும். அன்று என் மனதில் நின்றது கறியைவிட அந்த மேஜையில் வந்த தட்டுகள்தான், பத்துக்குக் குறையாது. உருளைக்கிழங்கு ஒன்று, பயற்றமுளை ஒன்று, கீரை, பச்சடி போல ஒன்று, ஒவ்வொன்றிலும் உப்பும் புளிப்பும் வேறு வேறு அளவு, ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் நாக்கு சலிக்கவில்லை. தங்கை கேட்டுப் பார்த்து மீன் இல்லாத ஐந்தை வைத்தே சோறு சாப்பிட்டு எழுந்தாள். தீர்ந்தால் இன்னும் கேட்கலாம், காசு இல்லை. 'ஜோம் தோ ஜுசேயோ' என்றால் போதும். மிச்சம் வைப்பதற்காகக் கேட்காதீர்கள், அது அங்கே மரியாதை இல்லை.

இதற்கு நேர்மாறான அனுபவம் போன முறை நடந்தது. பெயர் வேண்டாம், அளவில்லாமல் சாப்பிடலாம் என்று ஒரு தொகை வாங்கும் கடை. தொண்ணூறு நிமிடக் கெடு, உறைந்த கறி, கிம்ச்சி ஊறவே இல்லை, இனிப்பாக இருந்தது. பான்ச்சான் மூன்றே தட்டு, ஒன்றில் மக்ரோனி. இரண்டாவது தடவை கேட்டதற்குப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்போது எனக்கு இந்த அளவுகோல் தெரியாது, தெரிந்திருந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே எழுந்திருப்பேன்.

அங்கிருந்து ஆறாவது தெருவுக்கு நடந்தோம். ராத்திரியில் கொரியாடவுன் என்றால் ஆறாவது தெருதான். 1929-ல் கட்டிய சாப்மன் மார்க்கெட் என்ற ஸ்பானிய பாணி வளாகம் இருக்கிறது, காரிலேயே உள்ளே போய் மளிகை வாங்க அந்தக் காலத்தில் கட்டியது. இப்போது நடுமுற்றத்தைச் சுற்றிலும் கறிக்கடையும் மதுக்கடையும், பத்து மணிக்கு மேல் இளவட்டங்கள் வரிசையில் நிற்கிறார்கள். நாங்கள் போனது டான் சங் சா. கொரியத் தெருவோரக் கூடாரக் கடைகளைப் போஜாங்மாச்சா என்பார்கள், அந்த மாதிரி அமைத்த இருட்டான மரக் கடை, சுவரெல்லாம் வந்தவர்கள் எழுதிவிட்டுப் போன கிறுக்கல், நடுவில் குச்சியில் கறி சுடுகிறார்கள், புகையும் சத்தமும். மிளகாய்ச் சாற்றில் வெந்த அரிசிக் கொழுக்கட்டைத் துண்டுகள், அதுதான் தொக்போக்கி, பாலாடைக்கட்டி உருக்கிய சோளம், சோஜு என்ற கொரியச் சாராயம். இது நுணுக்கமான சமையல் இல்லை, குடிக்கும்போது கடிக்க வேண்டியது. அந்த வேலையைச் சரியாகச் செய்கிறது.

சின்னச் சின்னக் கடையிலெல்லாம் சோஜு எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டேன். மற்ற வடித்த சாராயத்துக்கு வேண்டிய பெரிய உரிமம் இதற்கு வேண்டாம், ஆல்கஹால் 24 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் பீர், ஒயின் உரிமத்திலேயே விற்கலாம் என்று கலிபோர்னியா 1998-ல் சட்டம் செய்தது. அதனால்தான் பீரில் சோஜுவைக் கலக்கும் சோமெக் இங்கே மேஜைக்கு மேஜை. நமக்கு நாமே ஊற்றிக்கொள்ளக் கூடாது, அடுத்தவர்தான் ஊற்ற வேண்டும். பெரியவர் ஊற்றினால் இரண்டு கையாலும் ஏந்தி, முகத்தை லேசாகத் திருப்பிக் குடிக்க வேண்டும். பரிமாறும் அம்மாவைத் தோழி 'இமோ' என்று கூப்பிட்டார். அம்மாவின் சகோதரி, நம் சித்தி. முன்பின் தெரியாதவரைச் சித்தி என்று கூப்பிட்டுச் சோறு கேட்பது நமக்குப் புதுசா என்ன. அந்த இமோவும் கேட்காமலே இன்னொரு கிண்ணம் சூப் கொண்டுவந்து வைத்தார்.

நோரேபாங், அதாவது கொரியக் கரோக்கே பற்றிச் சுருக்கமாக. தனி அறை, மணிக்கணக்கில் வாடகை, பாட்டுக்கு எண் அடித்தால் திரையில் வரி ஓடும், தம்புரின் இருக்கும், முடிவில் மார்க் போடும். பட்டியலில் தமிழ் இல்லை, போனை இணைத்துப் பாடினோம், தோழிக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் தாளம் தப்பாமல் தட்டினார். பில்லில் நாங்கள் கேட்காத பழத்தட்டு ஒன்று ஏறியிருந்தது. கொரிய மொழியில் தோழி பேசியதும் எடுத்தார்கள். அதனால் உள்ளே நுழையும்போதே அறை வாடகை எவ்வளவு, சாப்பாட்டுக்குக் குறைந்தபட்சத் தொகை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் வருவதெல்லாம் இங்கே இலவசம் இல்லை. இன்னொன்று, சட்டப்படி ராத்திரி இரண்டு மணிக்கு மேல் மது கிடையாது, நேரமானதும் மேஜையில் இருக்கும் பாட்டிலையும் எடுத்துவிடுவார்கள்.

நாங்கள் ஒரு மணிக்கே எழுந்து வில்ஷயர் பி.சி.டி. டோஃபு ஹவுஸுக்குப் போனோம். ஹீ சூக் லீ என்ற அம்மையார் 1996-ல் வெர்மான்டில் தொடங்கியது, சோல் நகரத்தின் புக்சாங்-டாங் பகுதியின் பெயர்ச் சுருக்கம்தான் பி.சி.டி. அவர் 2020-ல் காலமானார். மண்சட்டியில் கொதித்துக்கொண்டே வரும் சூன்டுபு, அதாவது இளம் சோயாக் கட்டிக் குழம்பு. கொதி அடங்குவதற்குள் பச்சை முட்டையை உடைத்து ஊற்ற வேண்டும். கடலுணவு போட்டது எனக்கு, காய்கறி போட்டது தங்கைக்கு, அடிச்சாறு என்ன என்று கேட்ட பிறகுதான் ஆர்டர் சொன்னாள். ஆளுக்கொரு பொரித்த மீன் கேட்காமலே வந்தது. தங்கையின் மீன் என் தட்டுக்கு வந்தது.

சோறு தனியாகக் கல்சட்டியில் வரும். சோற்றை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, அடியில் ஒட்டிய காந்தலில் வெந்நீரை ஊற்றி மூடி வைப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் மூடியைத் திறந்து, காந்தலைச் சுரண்டிக் கரைத்து, அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். உப்பில்லை, காரமில்லை, தீய்ந்த சோற்று வாசம் மட்டும். பாட்டி வீட்டில் அடிப்பிடித்த பானைக்கு நாங்கள் சண்டை போட்ட பேச்சைத் தங்கைதான் ஆரம்பித்தாள். "அண்ணா, நீதான் எப்பவும் பெரிய கட்டியா எடுத்துப்ப" என்றாள். தோழி அவர் வீட்டிலும் அதே சண்டைதான் என்றார். நாள் முழுவதும் சாப்பிட்டதில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், வேறு யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

வெளியே வந்தபோது மணி இரண்டு. வில்டர்ன் அரங்கின் பச்சைக் கோபுரம் தூரத்தில் தெரிந்தது, தெருமுனையில் ஒரு பெண் தள்ளுவண்டியில் தொத்திறைச்சியும் வெங்காயமும் வதக்கிக்கொண்டிருந்தார், வாங்க வயிற்றில் இடமில்லை. வீட்டுக்கு ஆறு நிமிட நடை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை தயிர்சாதம் பிசைந்தாள். நான் ஃப்ரிட்ஜைத் திறந்து அந்த நெத்திலி டப்பாவையும், அவளுக்காக எள் இலை டப்பாவையும் எடுத்து வைத்தேன். ஒரு வாரத்துக்கு வரும் என்று நினைத்து வாங்கியது. திங்கள்கிழமை ராத்திரி ஐந்து டப்பாவும் காலி.